படம் எடுக்க வந்தவர் பட்டியல் கேட்கிறார்

கேள்வி:

அக்கா, நாங்கள் திருகோணமலையில் ஒன்பது பேர். பதிவு செய்த அமைப்புக்கூட இல்லை. அஸ்பெஸ்டோஸ் சீற் போட்ட பள்ளிக்கூடக் கூரைகளை மாற்றச் சொல்லி இரண்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறோம். சீற் வெட்டுகிற, கழற்றுகிற மேசன்மாரில் இருமலும் மூச்சு முட்டும் உள்ளவர்களின் விபரத்தையும் ஒரு கொப்பியில் சேர்க்கிறோம். ஏழு மாதத்துக்கு முன் ஒருவர் வந்தார். சொந்த ஊர் கொழும்பு, இப்போது வெளிநாடு, ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்றார். அருமையான பழக்கம். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார், வரும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வருவார், துண்டுப்பிரசுரம் அடிக்க 50,000 ரூபாவும் தந்தார். இப்போது கேட்கிற கேள்விகள்தான் ஒரு மாதிரி. வெளிநாட்டில் யாரோடு தொடர்பு, எந்தச் சட்டத்தரணி, அமைச்சில் யார் உதவுகிறார்கள், நோயாளிகளின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்கிறார். போன மாதம் தேத்தண்ணி எடுக்க நான் உள்ளே போய் வந்தபோது மேசையில் கிடந்த கொப்பியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார், "கையெழுத்து அழகாக இருக்கிறது, படத்தில் வைக்கலாம்" என்றார். ஒரு பென்டிரைவும் தந்தார், எங்கள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவின் லப்டொப்பில் போட்டுப் பார்த்தோம், நிலாவெளிக் கடற்கரை இரண்டு நிமிடம், அவ்வளவுதான். லண்டனில் இப்படி நடந்ததாக எங்களில் ஒருவர் வாசித்துவிட்டு வந்து சொன்னதில் இருந்து பாதிப் பேர் பாதிப் பேரோடு கதைப்பதில்லை. இவர் உளவாளியா? எங்களை உளவு பார்க்க நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்களா?

– சா., திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பிழையான பதிலை வைத்துக்கொண்டுதான் நம் ஆட்கள் எல்லாரும் அசந்துபோகிறார்கள். நாம் சின்ன ஆட்கள், நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. பார்க்கிறவர் உங்கள் அளவைப் பார்ப்பதில்லை, உங்கள் கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். 2017 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? 2018 தொடக்கத்தில் இருந்து அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக நம் அரசாங்கம் சொல்லியிருந்தது. நமக்கு வருகிற அஸ்பெஸ்டோஸில் பெரும்பகுதி ரஷ்யாவில் இருந்து. அந்த டிசம்பரில் நம் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. இங்கே அஸ்பெஸ்டோஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது, வருடம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் எடுபட்டது. இரண்டையும் சேர்த்துப் பேசாத ஆள் அன்றைக்கு இல்லை. ஒரு நாட்டின் தேயிலையை அசைக்கிற அளவுக்குக் காசு புழங்குகிற பொருளைப் பற்றித்தான் நீங்கள் ஒன்பது பேரும் விறாந்தையில் பாய் போட்டு இருந்து கடிதம் எழுதுகிறீர்கள். வெள்ளை அஸ்பெஸ்டோஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது, வேலைத்தளத்தில் இந்தத் தூசுபட்டு வருடத்துக்கு 200,000 பேருக்கு மேல் சாகிறார்கள் என்றும் சொல்லுகிறது. அப்படியிருந்தும் அது இன்னும் விற்பனையாகிறது. விற்கிறவர்களுக்கு உங்களைப் போன்றவர்களின் விபரம் தேவைப்படும், அதில் ஆச்சரியம் இல்லை.

உங்களில் ஒருவர் வாசித்த லண்டன் கதை உண்மைதான். அரைகுறையாகக் கேட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

லோரி கசான்-அலன் என்ற அம்மா லண்டனில் இருந்துகொண்டு உலகம் முழுவதும் அஸ்பெஸ்டோஸைத் தடை செய்ய வேண்டும் என்று பல வருடமாக வேலை செய்கிறவர். 2012இல் ரொப் மூர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அவரிடம் வந்தார், உங்கள் வேலையைப் பற்றிப் படம் எடுக்க ஆசை என்றார். பொய்யான தொழிலைச் சொல்லிக்கொண்டு வரவில்லை, அவர் உண்மையிலேயே தொலைக்காட்சிக்காரர்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கே2 இன்டெலிஜன்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம், அதற்குப் பின்னால் இருந்த வாடிக்கையாளர்கள் கசகஸ்தான் அஸ்பெஸ்டோஸ் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். நான்கு வருடம் அவர் அவர்களோடு இருந்தார். கூட்டங்களுக்குப் போனார், மாநாடுகளுக்குப் போனார், அஸ்பெஸ்டோஸுக்கு எதிராகத் தானே ஒரு தொண்டு நிறுவனம்கூடத் தொடங்கினார். யார் காசு தருகிறார்கள், யார் யாரோடு பேசுகிறார்கள், அடுத்த வழக்கு என்ன, எந்த நாட்டில் எந்தத் தடைக்கு முயற்சி நடக்கிறது என்பதெல்லாம் அறிக்கையாகப் போனது. சம்பளமும் செலவுமாக ஏறக்குறைய 460,000 பவுண் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அம்மாவோடு அறிவாலும் மனசாலும் ஒரு பிணைப்பை உண்டாக்க வேண்டும், அதற்காக எவ்வளவு உண்மையாகப் பழக முடியுமோ அவ்வளவு உண்மையாகப் பழக வேண்டும் என்று அவர் தன் எசமானர்களுக்கு எழுதிக் கொடுத்தது பிறகு வழக்கில் வெளியே வந்தது. அதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூட்டை உடைப்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை, அந்த அம்மாவே கதவைத் திறந்து, உட்கார வைத்து, தேநீர் கொடுக்கும்படி பழகுவதுதான் திட்டம்.

2016இல் விஷயம் வெளியானது, கசான்-அலனும் இந்தியத் தொழிலாளர்களுக்காக வேலை செய்த கிருஷ்ணேந்து முகர்ஜி என்ற சட்டத்தரணியும் இன்னும் சிலரும் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2018 நவம்பரில் கே2 நிறுவனம் கணிசமான நட்டஈடு கொடுத்து வழக்கு சமாதானமாக முடிந்தது. உளவு பார்த்தது என்ற பெயரில் ஒரு குற்றம் வைத்து அவர்கள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நம்பிக் கொடுத்த இரகசியத்தை மீறியது, தனிப்பட்ட விபரங்களைத் தவறாகப் பயன்படுத்தியது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்றுதான் போனார்கள். இது உங்களுக்கும் பிறகு தேவைப்படும்.

சரி, உங்கள் ஆள் அப்படிப்பட்டவரா? ஒரு கடிதத்தை வைத்து இன்னொரு மனிதரை உளவாளி என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. ஆனால் அவர் கேட்கிறவற்றின் வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. படம் எடுக்கிற பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் வந்தால் என்ன கேட்பார்கள் என்றும் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கம், அந்த மேசன் பேசச் சம்மதிப்பாரா, இருமுகிறபோது மைக் போடலாமா, மழைக்காலத்தில் அந்தக் கூரை எப்படி இருக்கும் என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். படத்துக்கு முகம் வேண்டும், குரல் வேண்டும், இடம் வேண்டும். உங்கள் ஆள் ஏழு மாதத்தில் ஒரு மேசனின் முகத்தையாவது படம் பிடித்ததாக நீங்கள் எழுதவில்லை, அவர் பட்டியல் கேட்கிறார், வெளிநாட்டில் யாரோடு தொடர்பு என்று கேட்கிறார், சட்டத்தரணியின் பெயர் கேட்கிறார், அமைச்சுக்குள் இருக்கிற ஆளைக் கேட்கிறார். இவை படத்துக்கு உதவாத விஷயங்கள். உங்களைத் தடுக்க நினைக்கிற ஒருவருக்கு மட்டும் உதவுகிறவை.

ஆகவே சோதியுங்கள், சத்தம் போடாமல். எழுத்தில் கேளுங்கள். எந்த நிறுவனம், பதிவு இலக்கம் என்ன, இதற்கு முன் எடுத்த படம் எங்கே பார்க்கலாம், இந்தப் படத்துக்குக் காசு யாருடையது, எடுத்த காட்சிகள் யாரிடம் இருக்கும். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். அவர் தருகிற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விசாரிப்பதில் பிரயோசனம் இல்லை, நீங்களாகத் தேடி எடுத்த இலக்கத்துக்கு எடுங்கள். அந்த 50,000 ரூபாவுக்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதி, யாரிடம் இருந்து, எதற்காக என்று போட்டு, அவர் கையொப்பத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்கப்படுகிறவர்களின் சம்மதக் கடிதம் எங்கே என்றும் கேளுங்கள், ஒழுங்காகத் தொழில் செய்கிற எவரும் அதில்லாமல் கமராவைத் திறப்பதில்லை. உண்மையானவர் என்றால் இதெல்லாம் நல்லது என்பார், ஒரு கிழமையில் கொண்டுவந்து தருவார். மற்றவர் மனம் நொந்துபோவார். என்னை நம்பவில்லையா, இவ்வளவு பழகியும் இப்படியா என்று கேட்பார். அந்த நேரம் உங்களுக்கு வெட்கமாக இருக்கும், நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் கடுதாசி கேட்பது பெரிய மரியாதைக்குறைவு மாதிரி. வெட்கப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இனி கொப்பி. உங்கள் கடிதத்தில் என்னை நித்திரை கொள்ள விடாத வரி அதுதான்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் இந்த மாவட்டத்தில் ஒரு வேலைத்தளத்தில் தூசியால் சுகமில்லாமல் போனவர்களுக்காக ஒரு சின்னக் குழு இருந்தது, நான் அவர்களுக்குச் சட்டத்தரணி. பின்னாளில் வழக்குப் போட உதவும் என்று நான்தான் சொன்னேன், முழுப்பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி, எல்லாம் ஒரே இடத்தில் எழுதுங்கள் என்று. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, சிவப்புப் பேனாவால் தலைப்பு எழுதி, அவ்வளவு வடிவாக எழுதினார்கள். ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒரு பிள்ளை வந்து இரண்டு மூன்று நாள் அந்தக் கொப்பியை வைத்துக் குறிப்பெடுத்தது. அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியில் இருந்த மூன்று பேருக்கு வாசலில் பெயர் கூப்பிடவில்லை. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை, நாளைக்கு வா, நாளைக்கு வா என்று ஆறு கிழமை அலைய விட்டார்கள். அந்தப் பிள்ளைதான் கொடுத்தது என்று என்னால் இன்றைக்கும் நிரூபிக்க முடியாது. மூன்று பேரில் ஒருவரின் மனைவி நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டு, "நீங்கள்தானே அம்மா எழுதச் சொன்னீர்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் யாரையும் ஒரே கொப்பியில் எல்லாவற்றையும் எழுத விட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்களிடம் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். கூரைகளின் படங்கள், எழுதிய கடிதங்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பதில்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை கட்டடம் என்ற கணக்கு, இதெல்லாம் யாரும் பார்க்கலாம். உளவாளி பார்த்தால் அவருக்கும் பிரயோசனம், கூரையைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும். மற்றப் பகுதியில் வருவது மனிதர்கள்: நோயாளிகள், இன்னும் அதே முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள், ஒரு பிரதியை இரகசியமாக நீட்டிய அலுவலர். அவர்களின் பெயர் கொப்பியில் இருக்கக் கூடாது, வட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது. ஆளுக்கு ஓர் இலக்கம் போடுங்கள். 7ஆம் ஆள், 11ஆம் ஆள் என்று கொப்பியில் இருக்கட்டும், எந்த இலக்கம் யார் என்ற தாள் ஒரே ஒரு பிரதியாக ஒரே ஒரு பூட்டிய இடத்தில் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கம் இப்போது எதற்கு? வழக்கு வருகிற அன்று சத்தியக்கடதாசி எழுதும்போது எடுக்கலாம். தேவையில்லாமல் சேர்த்து வைக்காததை எவரும் களவெடுக்க முடியாது. எக்ஸ்ரேயும் மருத்துவத் துண்டுகளும் அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரத்தைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது, அந்தப் பொறுப்பு கம்பனிக்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம், நோயாளியின் விபரத்தைக் கையில் வைத்திருக்கிற உங்களுக்கும் உண்டு.

இன்னொன்று. சட்டத்தரணியோடு நீங்கள் பேசுவதைச் சட்டம் பாதுகாக்கிறது, நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் அந்த அறையில் மூன்றாம் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து இருத்தினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கையால் எடுத்துக் கொடுத்த மாதிரி. ஆகவே படம் எடுக்கிறேன் என்று சட்டத்தரணியைச் சந்திக்க வருகிறவரை வெளியே இருத்துங்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பென்டிரைவ் விஷயம். இரண்டு நிமிடக் கடற்கரையைக் காட்ட ஏன் பென்டிரைவ், வட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாமே. ஐயாவின் லப்டொப்பை இன்றைக்கே இணையத்தில் இருந்து கழற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சல், முகநூல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் இருந்து மாற்றுங்கள், அதே லப்டொப்பில் இருந்து மாற்றினால் புதியதும் போய்விடலாம். பென்டிரைவை ஒரு கடித உறையில் போட்டு, எந்தத் திகதி யார் கொடுத்தது என்று எழுதி ஒட்டி வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம், அது சான்று. இலங்கை சேர்ட் என்று கணினி அவசரத்துக்கென ஒரு நிறுவனம் இருக்கிறது, 101க்கு எடுத்து என்ன செய்வதென்று கேளுங்கள். உள்ளே கள்ள மென்பொருள் இருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அவர்மேல் பாயும். கூட்டத்தில் வந்து இருந்து கேட்டதெல்லாம் தன்னளவில் குற்றமாக வராது, ஆனால் அனுமதி இல்லாமல் கணினிக்குள் புகுந்தால் அது சந்தேகமில்லாமல் குற்றம். ஒன்பது பேரும் போனை எடுத்து வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெட்டுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு இலக்கம் போடுங்கள், குழுவுக்கு ஆள் சேர்க்கிற இணைப்பைப் புதிதாக்குங்கள்.

போனைப் பற்றிப் பேசும்போது மெக்சிக்கோவையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே 2014இல் சீனி போட்ட குளிர்பானத்துக்கு லீற்றருக்கு 1 பெசோ வரி வந்தது. 2016இல் அதைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூன்று பேருக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. சிமோன் பார்கெரா என்ற அரசாங்க ஊட்டச்சத்து ஆய்வாளருக்கு வந்த ஒன்றில், உங்கள் மகள் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று எழுதி ஓர் இணைப்பு இருந்தது. தொட்டிருந்தால் போன் முழுவதும் வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அது பெகாசஸ், அரசாங்கங்களுக்கு மட்டும் விற்கப்படுகிற உளவு மென்பொருள், கனடாவில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் 2017இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. சோடாவுக்கு வரி கேட்டவர்களுக்கு. இங்கே நம் கடைப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வந்ததும் அதே 2016தான். ஆகவே பிள்ளைக்கு விபத்து என்று செய்தி வந்தால் இணைப்பைத் தொட வேண்டாம், பிள்ளைக்கு எடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு எடுங்கள். தாய் தகப்பனின் நெஞ்சைப் பிடிக்கிற செய்திதான் எப்போதும் வரும்.

இதைப் புதுசு என்று நினைக்கவும் வேண்டாம். 1966இல் அமெரிக்காவில் கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி எழுதிய ரால்ஃப் நேடரின் பின்னால் ஜெனரல் மோட்டோர்ஸ் துப்பறிவாளர்களை விட்டு, செனற் குழுவின் முன்னால் அந்தக் கம்பனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 1996இல் சிகரெட் கம்பனியின் உள்விவகாரத்தைச் சொன்ன ஜெஃப்ரி வைகாண்டின் வாழ்க்கையைத் தோண்டி 500 பக்கக் கோப்பு ஒன்று செய்து பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். சுவிற்சர்லாந்தில் நெஸ்லேயைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு குழுவுக்குள் செக்கியூரிட்டாஸ் நிறுவனம் பொய்ப் பெயரில் ஒரு பெண்ணை அனுப்பியது, அவர் அவர்களின் வீட்டுக் கூட்டங்களில் இருந்து அறிக்கை எழுதினார், 2013இல் லோசான் நீதிமன்றம் இரண்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கி ஆளுக்கு 3,000 பிராங் கொடுக்கச் சொன்னது. காசு சின்னது, ஆனால் நீதிபதியின் வாயால் பிழை என்று வந்தது. களைநாசினிக்காகத் தங்களுக்கு எதிரானவர், ஆதரவானவர் என்று ஆட்களின் பட்டியல் போட வைத்து அதை அந்த ஆட்களுக்கே தெரிவிக்காததற்காக மொன்சாண்டோவுக்குப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021இல் 400,000 யூரோ தண்டம் போட்டது. இப்படி ஒரு வழக்கு வருகிற அன்று கைகொடுப்பது திகதி போட்டு எழுதி வைத்ததும் காப்பாற்றி வைத்த கடுதாசிகளும்தான். ஆகவே நீங்களும் இன்றைக்கு இரவே உட்கார்ந்து, அவர் முதன்முதல் வந்த நாளில் இருந்து, என்ன கேட்டார், யார் இருந்தார்கள், கொப்பியைப் படம் பிடித்த நாள் எது என்று எழுதுங்கள், கையால், திகதியோடு. இங்கே தனியுரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நட்டஈட்டு வழக்குப் போட இடம் இருக்கிறது. அன்றைக்கு இந்தத் தாள்தான் பேசும்.

அவரின் படத்தை முகநூலில் போட்டு உளவாளி என்று எழுத வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவருக்காவது கை துறுதுறுக்கும் என்று தெரியும். பிழையாக இருந்தால் ஒரு நிரபராதியின் பெயர் போகும், சரியாக இருந்தாலும் மானநட்ட வழக்கும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உங்கள் பக்கம் திரும்பும், கூரையை விட்டுவிட்டு நீங்கள் நீதிமன்றத்துக்கு அலைவீர்கள். அவரை வைத்து ஆழம் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய்த் தகவல் சொல்லிவிடலாமா என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். நீங்கள் சொல்லுவது எல்லாம் உண்மை என்பதைத் தவிர உங்களிடம் வேறு முதல் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி சொல்லுங்கள்: இனிமேல் நோயாளிகளின் பெயர் கூட்டத்தில் பேசப்படாது, வெளியார் யார் வந்தாலும் முதல் அரை மணித்தியாலம் மட்டும் இருக்கலாம். அவருக்கு மட்டும் என்று போட்டால் அது குற்றச்சாட்டு, எல்லாருக்கும் என்றால் ஒழுங்கு.

கடைசியாக, பாதிப் பேர் பாதிப் பேரோடு கதைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதுதான் கொப்பியை விடப் பெரிய கவலை. நம் ஊரில் இதற்கு ஒரு பழைய காயம் இருக்கிறது தங்கச்சி. சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையாக நடத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவரின் முன்னால் நிறுத்தி, அவர் தலையை ஆட்டினால் ஏற்றிக்கொண்டு போன காலத்தை உங்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். தலையாட்டி யார் என்று தெரியாததால் எல்லாருமே தலையாட்டியாகத் தெரிந்தார்கள். மட்டிக்களியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு குடும்பம் அந்தச் சந்தேகத்திலேயே முப்பது வருடம் பேசாமல் இருந்து, ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாமல் முடிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உளவு பார்க்க வந்தவர் ஒரு தாளும் எடுக்காமல் போனாலும், உங்கள் ஒன்பது பேரையும் இப்படி ஆக்கிவிட்டுப் போனால் அவர் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அவரை முதலில் கூட்டிவந்தது யார் என்று தேடிப் பிடித்து அவரில் பாய வேண்டாம். கசான்-அலன் நான்கு வருடம் பழகியும் அறியாததை உங்கள் சிநேகிதி நான்கு தேத்தண்ணியில் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஒன்பது பேரும் போன்களை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போய் மணலில் இருந்து, நடந்ததை முழுவதும் ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள். அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். யாராவது எதையாவது சொல்லிவிட்டிருந்தால் அன்றைக்கே தெரியவேண்டும், திட்டுவார்களே என்று மறைத்தால்தான் ஆபத்து.

அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதை இந்தக் கிழமையே செய்யுங்கள். அவர் படம் பிடித்த கொப்பியில் பெயர் இருந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய், உங்கள் பெயரை ஒருவர் படம் பிடித்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது, நேரில் போக வேண்டும். சிலர் கோபிப்பார்கள், சிலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுவார்கள், எடுத்துவிடுங்கள், ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்ல வேண்டாம். இன்னும் வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு முதலில் போங்கள், வேலையை விட்டவர்கள் பிறகு. தனியாகப் போக வேண்டாம், பி.எச்.ஐ. ஐயாவையும் கூட்டிக்கொண்டு, ஆண்கள் வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, ஏழு மணி போலப் போங்கள்.